கைபட்டவருக்கே பொருள்

நொய்யல் பல்கலைக்கழகத்தில் யாரும் எதிலும் பெயர் எழுதுவதில்லை. நோட்டின் முதல் பக்கம், சாப்பாட்டு டப்பாவின் அடிப்பக்கம், குடையின் கைப்பிடி எல்லாம் வெறுமையாகவே இருந்தன. தொலைந்த பொருள்களைச் சேர்த்து வைக்க நூலகத்தின் பின்னால் ஓர் அறை இருந்தது. மூன்று வருடமாக அங்கே ஒரு பேனா மூடிகூட வந்து சேரவில்லை. பார்த்தார்கள், அறைக்குப் பொறுப்பாக இருந்த ராக்கியப்பனைத் தோட்டவேலைக்கு மாற்றிவிட்டு, அறையைத் தேநீர்க் கடைக்குக் கொடுத்துவிட்டார்கள்.

எல்லாம் அறிபேழை செய்த வேலை. வளாகம் முழுவதும் எண்ணூறு பேழைகள், ஒன்றுக்கும் பூட்டு கிடையாது, சாவி கிடையாது, மறந்துபோகக் கடவுச்சொல்லும் கிடையாது. எந்தப் பொருளையும் எந்தப் பேழையிலும் போட்டு மூடிவிடலாம். அது அங்கேயே கிடக்கும். உரியவர் வளாகத்தின் எந்த மூலையில் நின்று எந்தப் பேழையின் திரையிலும் பொருளைக் குறித்துவிட்டு மேலே உள்ளங்கையை வைத்தால் போதும், மண்ணுக்கடியில் ஓடும் நகர்பட்டை அதை அவர் முன்னால் கொண்டுவந்து நிறுத்தும்.

உரியவர் யார் என்று பேழைக்கு எப்படித் தெரியும்? உள்ளே தடநுகரி என்று ஒரு கருவி இருந்தது. மனிதக் கை தொட்ட இடத்திலெல்லாம் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் ஒட்டிக்கொள்கின்றன. அந்தக் கலவை ஒருவருக்கு இருப்பதுபோல் இன்னொருவருக்கு இருப்பதில்லை. தடநுகரி பொருளின் மேல் காற்றை ஊதி, திரும்ப உறிஞ்சி, யாருடைய கை அதிகம் பட்டிருக்கிறது என்று கணக்கிடும். அதிகம் பட்ட கை எதுவோ, பொருள் அந்தக் கைக்கு. பெரும்பங்கு விதி என்று இதற்குப் பெயர். திருடுகிறவனுக்கும் இதனால் ஆர்வம் போய்விட்டது. எடுத்ததைப் பேழையில் வைத்தால் அது சொந்தக்காரரிடம் போய்விடுகிறது. வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு எத்தனை நாள்தான் திரிவான், பாவம்.

பேழையைக் கண்டுபிடித்தவர் பேராசிரியர் நிவேதிதா. வயது ஐம்பத்தேழு. கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. மாணவர்கள் கல்யாணத்துக்கெல்லாம் தவறாமல் போவார், காய்ச்சல் என்றால் விடுதிக்கு ரசம் கொடுத்தனுப்புவார். ஆனால் தன் இயந்திரத்தின் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை கொஞ்சம் அதிகப்படி. புதன்கிழமைதோறும் பேழைக் குறைகளைக் கேட்க உட்காருவார், மூன்று வருடத்தில் ஒரு குறையைக்கூடக் குறை என்று ஒப்புக்கொண்டதில்லை.

அப்படியொரு புதன்கிழமையில்தான் ஹாசினி வந்தாள். இரண்டாம் ஆண்டு மாணவி. அவளுடைய வழக்கு ஒரு கால்குலேட்டரைப் பற்றியது. நாட்டில் எல்லோரும் மூக்கின் மேல் திரைக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதனிடமே கணக்குக் கேட்கிற காலத்திலும், தேர்வறைக்குள் பொத்தான் வைத்த பழைய கால்குலேட்டருக்கு மட்டும்தான் அனுமதி. உலகம் எப்படி மாறினாலும் தேர்வுத் துறை மாறாது. ஹாசினியின் கால்குலேட்டர் அவள் அக்கா கல்லூரியில் வைத்திருந்தது. தங்கைக்கு இடம் கிடைத்த அன்று அக்கா அதைக் கொடுத்தாள். ஹாசினி அதை அறைத்தோழி ரேஷ்மாவுக்கு இரவல் கொடுத்தாள். ரேஷ்மா கணக்குப் போட்டே வளர்ந்த பெண், எந்நேரமும் அதைத் தட்டிக்கொண்டிருப்பாள். தேர்வு நாளன்று ஹாசினி பேழையில் கை வைத்தபோது ஒன்றும் வரவில்லை. அதே கால்குலேட்டர் அடுத்த கட்டடத்தில் ரேஷ்மா கைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. ஹாசினிக்கு அந்தத் தாள் அரியர் ஆகிவிட்டது.

ரேஷ்மாவிடம் கேட்டாயா என்று நிவேதிதா விசாரித்தார். கேட்டாளாம். பேழையே என்னுடையது என்று சொல்லிவிட்டது, நான் என்ன செய்ய என்றாளாம் ரேஷ்மா. அதை அவள் வம்புக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படித்தான் நம்பினாள்.

"இங்க பாரு கண்ணு," என்றார் நிவேதிதா. "நீயாத்தான் குடுத்தே. உன்னைவிட அவ கைதான் அதுல அதிகமாப் பட்டிருக்குது. யார் பயன்படுத்தறாங்களோ அவங்களுதுதானே பொருள்?"

"அப்ப குடுத்த எங்கக்கா யாருங்க மேடம்?"

"பேழைக்கு அக்கா தங்கச்சி எல்லாம் தெரியாது கண்ணு."

அறையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். ஹாசினி சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்த ஆய்வு மாணவி மகிழினியும் சிரிக்கவில்லை. "பேழையின் முடிவு சரி" என்று நிவேதிதா சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்திட்டார். வழக்கு முடிந்தது.

மகிழினியைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பத்து மூன்று வயது, நிவேதிதாவிடம் ஆய்வுக்குச் சேர்ந்து எட்டு வருடம். வந்த புதிதில் ஒருநாள் தேநீர் குடிக்கும்போது நிவேதிதா, தொட்ட பொருளை வைத்தே ஆளைக் கண்டுபிடிக்க முடியாதா என்று ஒரு பேச்சுக்குக் கேட்டார். கேட்டுவிட்டு இரண்டாவது வடையை எடுத்துக்கொண்டார். அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு போனவள் மகிழினி. அறுநூறு பேர் கையைத் துடைத்து எடுத்து, நுண்ணுயிர் வளர்த்து, தடநுகரியைப் பதினோரு தடவை பிரித்து மாட்டி, பெரும்பங்கு விதிக்கான கணிதத்தை எழுதி முடிக்க ஐந்து வருடம் ஆனது. எல்லாம் ஒரே தடித்த நோட்டில் இருந்தது. நீல அட்டை, முனைகள் நைந்து பஞ்சாகிவிட்டன.

பல்கலைக்கழகங்களில் ஒரு பழக்கம் உண்டு. மாணவர் செய்த சோதனையின் ஒவ்வொரு பக்கத்திலும் வழிகாட்டி கையெழுத்திட வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை மகிழினி நோட்டைக் கொண்டுபோய் மேசை மேல் விரித்துப் பிடித்துக்கொள்வாள். நிவேதிதா தொலைபேசியில் பேசியபடியே பேனாவை மட்டும் நீட்டுவார். மகிழினி பக்கத்தைப் புரட்டுவாள், பேனா அடுத்த கையெழுத்தைப் போடும். அவருடைய ஆசிரியரும் அப்படித்தான் போட்டார், ஆசிரியருக்கு ஆசிரியரும் அப்படித்தான். நோட்டை மாணவர் பிடிப்பது மரியாதை. பிடிக்காமல் மேசை மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றால் அதுதான் பேச்சாகும்.

அறிபேழையை மாநிலத்தின் எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் கொண்டுபோகலாமா என்று முடிவு செய்ய அரசு ஒரு குழுவை அமைத்தது. விண்ணப்பத்தில் கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் நிவேதிதாவின் பெயர் மட்டும் இருந்தது. உதவி செய்தோர், ஆய்வுக் குழுவினர் என்று கீழே ஒரு வரி. குழு ஒப்புக்கொண்டால் அந்தப் பெயர் அப்படியே அரசாணையில் ஏறும், பிறகு அழிக்க முடியாது. மகிழினி ஒருமுறை, ஒரே ஒருமுறை, தன் பெயரையும் சேர்க்கலாமா என்று கேட்டாள். அடுத்த கண்டுபிடிப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்றார் நிவேதிதா. சொன்னது பொய்யில்லை, அவர் மனதில் அடுத்தது என்று ஒன்று நிச்சயம் இருந்தது. எட்டு வருடத்துக்குப் பிறகு இன்னொரு எட்டு வருடம் யாரிடம் இருக்கிறது என்றுதான் அவர் யோசிக்கவில்லை.

குழுவுக்குக் காட்டும் சோதனையை நிவேதிதாவே வகுத்தார். பேழை பிறந்த அந்த நீல நோட்டை நுழைவாயில் பேழையில் வைப்பது, ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பேரவை மண்டபத்தில் எல்லோர் முன்னிலையிலும் தன் கையால் வரவழைப்பது. இதைச் சொன்னபோது அவர் முகம் மலர்ந்திருந்தது.

மகிழினி நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள். "மேடம், நோட்டுக்குப் பதிலா உங்க குடையை வெச்சுக்கலாமுங்களா?"

"குடையைப் பாக்கவா அவ்வளவு தூரத்திலிருந்து குழு வருது?"

"இல்லீங்க, குடைன்னா நல்லா இருக்குமுன்னு பட்டுதுங்க."

நிவேதிதா சிரித்துவிட்டு, நோட்டை நுழைவாயிலில் கொண்டுபோய் வைத்துவிடச் சொன்னார். கொண்டுபோய் வைத்தவளும் மகிழினிதான்.

குழு ஐந்து பேர். தலைவர் பிரபாகர், உயர்கல்வித் துறையில் நெடுங்காலம் இருந்த, மென்மையாகப் பேசும் மனிதர். மண்டபத்தின் பின்வரிசைகளில் மாணவர்கள் நிறைந்திருந்தார்கள். ஹாசினியும் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். நிவேதிதா பெரும்பங்கு விதியை அழகாக விளக்கிவிட்டு, மேடையிலிருந்த பேழையின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

பேழை சற்று முனகியது. பிறகு சின்னத் திரையில் எழுத்து வந்தது: உங்கள் பொருள் இல்லை.

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தார். அதே பதில். நகர்பட்டையில் ஏதோ சிக்கல் என்று அவர் சொன்னார், குழுவினர் தலையாட்டினார்கள். பிரபாகர் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தார். அடுத்து, உரிமையில்லாத ஒருவர் கை வைத்தால் பேழை மறுக்கிறதா என்ற சோதனை. அதற்கு மகிழினியின் பெயர்தான் எழுதியிருந்தது.

மகிழினி மெதுவாக மேடையேறினாள். பேழைக்கு முன்னால் நின்று, கையைத் திருப்பிப் புறங்கையை வைத்தாள். நிவேதிதா அதைப் பார்த்தார். எட்டு வருடமாகக் கைகளைப் பற்றியே ஆராய்ச்சி செய்தவள் தவறுதலாகப் புறங்கையை வைக்க மாட்டாள். குடையை ஏன் வைக்கச் சொன்னாள் என்பது அந்த நொடியில் அவருக்குப் புரிந்தது.

"உள்ளங்கையம்மா," என்று பிரபாகர் நினைவூட்டினார்.

மகிழினி உள்ளங்கையை வைத்தாள். அடியில் நகர்பட்டை ஓடும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. நீல நோட்டு வந்து நின்றது.

பிரபாகர்தான் ஆறுதலாகத் தொடங்கினார். இயந்திரம் என்றால் பழுதாவது சகஜம், பழுது என்று குறித்துக்கொண்டு ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார். நல்ல மனதோடு நீட்டிய வழி அது. நிவேதிதா ஆம் என்றால் போதும். ஆனால் பேழை பழுது என்றால் மூன்று வருடமாகப் புதன்கிழமைகளில் எழுதிய சிவப்பு மை அத்தனையும் பழுது. பேழை சரி என்றால் கண்டுபிடிப்பு தன்னுடையது இல்லை. இரண்டில் ஒன்றைத்தான் சொல்ல முடியும். பின்வரிசையில் ஹாசினி கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். நிவேதிதாவுக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவு வெட்கத்தை அவர் வாழ்க்கையில் பட்டதில்லை.

"பழுது இல்லீங்க," என்றார். "பேழை சரியாத்தான் இருக்குது. இந்த நோட்டை நான் இன்னைக்கு வரைக்கும் கையில பிடிச்சதே இல்லை."

பிறகு பக்கங்களைப் புரட்டிக் காட்டினார். மேலே முழுக்க மகிழினியின் எழுத்து, கீழே ஒரு சிவப்புக் கையெழுத்து. கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் முதலில் அவள் பெயரைப் போட வேண்டும், என் பெயரை வேண்டுமானால் அடுத்துப் போடுங்கள் என்றார். மகிழினி தரையைப் பார்த்தபடி நின்றாள், கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை. மாணவர்கள் கை தட்டினார்கள்.

குழுவினர் கை தட்டவில்லை. பிரபாகர் தன் முன்னாலிருந்த கோப்பைப் பார்த்தார். அதை எழுதியது அவருடைய உதவியாளர், திருத்தியதும் அவர், சென்னையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்ததும் அவர். பிரபாகர் கையெழுத்துப் போடுவதோடு சரி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த துணைவேந்தர், தான் எழுதியதாக அட்டையில் அச்சிட்ட ஒரு தடித்த புத்தகத்தைப் பரிசளிக்கக் கொண்டுவந்திருந்தார். அதை மெல்ல மடியில் இறக்கி வைத்துக்கொண்டார்.

"இதை ஆசிரியர்களும் பயன்படுத்தணுமா?" என்று பிரபாகர் கேட்டார்.

"எல்லாரும்தாங்க."

"அலுவலர்களும்?"

"ஆமாங்க."

குழு தேநீருக்குப் போனது. அந்தத் தேநீர் இரண்டு மணி நேரம் நீடித்தது.

ஒரு மாதத்தில் அரசாணை வந்தது. அறிபேழை மகத்தான கண்டுபிடிப்பு, மாநிலத்தின் எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் நிறுவப்படும். மகிழினியின் பெயர் முதலில் இருந்தது. பிறர் பெயர் விஷயத்தில் குழுவினர் தாராள மனதுக்காரர்கள். அதற்குக் கீழே இன்னொரு பத்தி. பேழைகள் மாணவர் பயன்பாட்டுக்கு மட்டும். ஆசிரியர், அலுவலர் அனைவருடைய கைத்தடங்களும் பேழைகளின் நினைவகத்திலிருந்து நீக்கப்படும். அவர்களுக்கு இரும்பு பீரோவும் சாவியும் வழங்கப்படும். நினைவகத்தின் பொறுப்பு இனிச் சென்னையில். அந்த வாரமே லாரியில் பீரோக்கள் வந்து இறங்கின. அடுத்த வாரம் இயற்பியல் துறைத் தலைவர் சாவியைத் தொலைத்துவிட்டார்.

நிவேதிதா இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்கு வேறு வேலை இருந்தது. மகிழினி எட்டு வருட ஆய்வேட்டை அச்சிட்டுக் கொண்டுவந்தாள். பழக்கம் போல மேசை மேல் விரித்துப் பிடிக்கப் போனவளை அவர் தடுத்தார்.

"விடு மகி. நானே புரட்டறேன்."

சொன்னபடியே செய்தார். முன்னூற்று நாற்பது பக்கத்தையும் முதல் வரியிலிருந்து படித்தார். வீட்டுக்கு எடுத்துப்போனார், சாப்பிடும்போதும் பக்கத்தில் வைத்துக்கொண்டார், புரியாத இடங்களில் விரலை வைத்துத் திரும்பத் திரும்பப் படித்தார். நான்காம் அத்தியாயத்தில் ஒரு கணக்கு அவரை மூன்று நாள் நிறுத்தி வைத்தது. புரிந்தபோது, இத்தனை நாள் இதைத் தெரியாமலா மேடையில் விளக்கிக்கொண்டிருந்தோம் என்று அவருக்குச் சிரிப்பும் வருத்தமும் சேர்ந்து வந்தன. பத்தொன்பது நாளில் முடித்தார். தானும் கையெழுத்திட்டு, புல முதல்வரின் கையெழுத்தையும் வாங்கி, வாய்மொழித் தேர்வுக்கு முந்தின மாலை மகிழினியிடம் கொடுத்தார். அவள் அதைத் திறந்துகூடப் பார்க்காமல், நின்ற இடத்துக்குப் பக்கத்திலிருந்த இருநூற்றுப் பன்னிரண்டாம் பேழையில் வைத்து மூடினாள். அந்த வளாகத்தில் மாணவர் யாரும் பொருளைக் கையில் தூக்கிக்கொண்டு நடப்பதில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்குத் தேர்வு. மதுரையிலிருந்து தேர்வாளர் வந்து உட்கார்ந்துவிட்டார். கையெழுத்திட்ட மூலப்படியைப் பார்க்காமல் ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன் என்பவர், விதிக்காரர். மகிழினி மண்டப வாசலில் பேழையின் மேல் கை வைத்தாள்.

உங்கள் பொருள் இல்லை.

வெளியே ஓடிப்போய் இருநூற்றுப் பன்னிரண்டாம் பேழையின் மேலேயே வைத்துப் பார்த்தாள். ஆய்வேடு உள்ளே அரை அடி தூரத்தில் கிடந்தது. உங்கள் பொருள் இல்லை. சேதி கேட்டு வந்த நிவேதிதா ஒரு கணம் யோசித்தார். அச்சு இயந்திரத்திலிருந்து நேரே கட்டுக்குப் போன ஏடு. அதில் மகிழினியின் விரல் பட்டது அட்டையில் மட்டும். ஒவ்வொரு பக்கத்திலும், ஒவ்வொரு வரியிலும் பட்டது தன் விரல். அவர் கையை வைத்தார்.

அறியாத கை. ஆசிரியர்களின் கைத்தடங்களைத்தான் சென்னை நீக்கிவிட்டதே.

"நீங்க ஒழுங்காப் படிச்சதுதாங்க மேடம் தப்பாப் போச்சு," என்றாள் மகிழினி. சொல்லிவிட்டு, அழ வேண்டிய நேரத்தில் சிரித்தாள். நிவேதிதாவும் சிரித்தார். சென்னைக்குக் கடிதம் எழுதலாம், பதில் வரப் பதினைந்து நாள் ஆகும். தேர்வாளரின் ரயில் மூன்று மணிக்கு. மகிழினிக்கு வேலை தருவதாகச் சொன்ன கல்லூரி இந்த வாரத்துக்குள் பட்டம் கேட்டிருந்தது.

"இது அவளுது," என்று நிவேதிதா பேழையைப் பார்த்துச் சொன்னார், அதற்குக் காது இருப்பதுபோல. "ஒவ்வொரு எழுத்தும் அவளுது. எனக்குத் தெரியும்."

பேழைக்குத் தெரியவில்லை. அவர் தோட்டத்துப் பக்கம் திரும்பி ராக்கியப்பனைக் கூப்பிட்டார். குரோட்டன்ஸ் செடிக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தவர் கடப்பாறையோடு வந்தார். கதை கேட்டு முடித்து, உடைத்தால் யார் பொறுப்பு என்று விசாரித்தார். நான் பொறுப்பு என்றார் நிவேதிதா. ராக்கியப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். தன் அறையைத் தேநீர்க் கடையாக்கிய இயந்திரத்தின் மேல் அவருக்குப் பெரிய கோபம் எதுவும் கிடையாது. ஆனாலும் முதல் அடி கொஞ்சம் பலமாகவே விழுந்தது. மூன்றாவது அடியில் கதவு கழன்றது. மகிழினி ஆய்வேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு மண்டபத்துக்கு ஓடினாள். பேழை, உங்கள் பொருள் இல்லை, உங்கள் பொருள் இல்லை என்று திரையில் எழுதிக்கொண்டே இருந்தது.

சத்தம் கேட்டுக் கூடிய மாணவர்களில் ஒருத்தி முன்னால் வந்தாள். ஹாசினி.

"மேடம், அந்தக் கடப்பாறை ஒரு நிமிசம் கிடைக்குங்களா?" என்றாள். "நாளைக்கு எனக்கு அரியர் பரிச்சைங்க. ரேஷ்மா ஊருக்குப் போயிட்டா. கால்குலேட்டரை வெச்சுட்டுப் போனதை நானே பாத்தேனுங்க."

நிவேதிதா அவளைப் பார்த்தார். பெரும்பங்கு விதி நினைவுக்கு வந்தது, சிவப்பு மையும் நினைவுக்கு வந்தது. ராக்கியப்பன் கடப்பாறையை ஊன்றிக்கொண்டு காத்திருந்தார்.

"எத்தனாம் நம்பர் கண்ணு?"

"அறுபத்தி மூணுங்க," என்றாள் ஹாசினி. அவளுக்குப் பின்னால், யாரும் சொல்லாமலே, ஒரு வரிசை சேர்ந்துகொண்டிருந்தது.